வேகமானவரும் நிதானமானவரும் ஒரே டீமில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வேலையை ஒருவர் மதியத்துக்குள் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறார். பக்கத்தில் இருப்பவருக்கு அதே அளவு வேலைக்கு மாலை ஆகிவிடுகிறது. இருவரும் பொறுப்பானவர்கள்தான். ஆனாலும் சில மாதங்களில் ஒருவர் வாயில் ‘சோம்பேறி’, இன்னொருவர் வாயில் ‘அவசரக் குடுக்கை’ என்று வந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் வேகம் மாறத்தான் செய்யும். அதற்கு நாம் கற்பிக்கும் அர்த்தமும், வேலை கைமாறும்போது யாரும் வாய் திறக்காததும்தான் உறவைக் கெடுக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் தவறு, வேகத்தை வைத்துக் குணத்தை எடைபோடுவது. நமக்குத் தாமதமானால் ‘ஃபைல் வரவில்லை, நடுவில் மீட்டிங் வேறு’ என்போம். அடுத்தவருக்குத் தாமதமானால் ‘அவர் எப்பவுமே அப்படித்தான்’ என்போம். சூழ்நிலையை விட்டுவிட்டு ஆளின் இயல்பைக் காரணமாக்கும் இந்தப் போக்கை, லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் அடிப்படைப் பிழை என்றே குறிப்பிட்டார். நிதானமாகச் செய்பவர் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சரிபார்ப்பவராக இருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் சந்தேகம் கேட்டு அவரிடமே போய் நிற்கலாம். அதேபோல, சீக்கிரம் முடிந்த வேலையில் இருந்த பிழைகளை வேறு யாரோ உட்கார்ந்து திருத்தினால், அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் சேதம் செய்வது, உதவி போலத் தெரியும் ஒரு பழக்கம். ‘சரி, விடுங்க, நானே முடிச்சிடறேன்’ என்று வேகமானவர் மற்றவரின் பங்கையும் இழுத்துப் போட்டுக்கொள்வது. அன்றைய வேலை டெட்லைனுக்குள் முடிந்துவிடும். ஆனால் அடுத்த முறை மேனேஜர் நேராக இவரிடமே வருவார். மற்றவருக்கு அந்த வேலை கைவரும் வாய்ப்பே போய்விடும், மனதுக்குள் அவமானம் தங்கும். இழுத்துப் போட்டவருக்கோ, ‘எல்லாம் என் தலையில்தான்’ என்ற கசப்பு. நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், செய்ய முடிந்தும் செய்யாத கூட்டாளி அமைந்தபோது, பலர் தங்கள் உழைப்பையும் குறைத்துக்கொண்டார்கள். ஏமாளியாக இருக்க யாருக்கும் பிடிப்பதில்லை. அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே, ‘இந்தப் பகுதியை மட்டும் இன்று நான் பார்க்கிறேன், மற்றது உங்களிடமே இருக்கட்டும்’ என்று எல்லை சொல்லி உதவுவது எவ்வளவோ மேல்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வேகமானவரை மட்டம் தட்டுவது. அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1931-32இல் 14 தொழிலாளர்களைக் கவனித்தபோது, ஒரு நாளைக்கு இவ்வளவு செய்தால் போதும் என்று அவர்களுக்குள் எழுதாத கணக்கு ஒன்று இருந்தது தெரிந்தது. அதைத் தாண்டியவருக்குக் கேலி, மேற்கையில் ஒரு குத்து. குறைத்துச் செய்தவரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அதிகம் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. சீக்கிரம் முடிப்பவருக்குக் கிடைக்கும் ஒரே பரிசு இன்னும் கொஞ்சம் வேலை என்றால், இன்றைய அலுவலகங்களிலும் இதே கதைதான் நடக்கும்.

அப்புறம், எல்லார் முன்னாலும் ஒப்பிடுவது. அலெக்ஸாண்டர் மாஸ், என்ரிக்கோ மொரெட்டி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2009இல் வெளியிட்ட சூப்பர்மார்க்கெட் காசாளர்கள் பற்றிய ஆய்வில், வேகமான சக ஊழியரின் பார்வையில் படும்படி இருந்தவர்களின் வேகம் கூடியது. அவர் பார்வையில் படாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆக, கூட இருப்பதே ஒரு அழுத்தம்தான். ‘அவரைப் பாருங்கள்’ என்று மேலும் ஒரு வார்த்தை தேவையில்லை. பொருளை ஸ்கேன் செய்யும் வேலையில் தெரிந்ததை, யோசித்து எழுதும் வேலைக்கு அப்படியே பொருத்துவதும் சரியாக வராது.

‘எப்ப முடியும்?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவதும் பலர் செய்வது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் சொன்னார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. நாம் எல்லாருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். ஆனால் சொன்ன தேதி தவறியதும், நிதானமானவர் மட்டும் பொய் சொன்னவராகிவிடுகிறார். ‘எது வரைக்கும் முடிந்திருக்கிறது? போன முறை இதற்கு எத்தனை நாள் ஆனது? முதல் பாதியை முன்னாடியே தர முடியுமா?’ என்று கேட்டால் பதில் தெளிவாக வரும், இருவரும் அதை நம்பித் திட்டமிடலாம்.

நிதானமானவர் தவிர்க்க வேண்டியது மௌனம். தாமதம் ஆகும் என்று தெரிந்த நிமிடமே, ‘நாளை மதியம்தான் தர முடியும், அதுவரை நீங்கள் இரண்டாவது பகுதியைத் தொடங்கலாம்’ என்று சொல்லிவிட வேண்டும். காத்திருப்பவர் அதற்கேற்ப வேறு வேலையைக் கையில் எடுப்பார்.

இவ்வளவு பேசியும் ஒப்புக்கொண்ட வேலை திரும்பத் திரும்ப நின்றுபோகிறது என்றால், அதை வேக வித்தியாசம் என்று பூசி மெழுகக் கூடாது. முதலில் அவரிடமே சொல்லுங்கள். பிறகு மேனேஜரிடம் போகும்போது எந்த வேலை, எந்த தேதி, அதனால் என்ன நின்றது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.