நாரி நோவுள்ள அம்மாமாருக்குப் பைலாட்டீஸ்: பாயும் கதிரையும் போதும்

மூச்சோடு சேர்த்து வயிறு, நாரித் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிதான் பைலாட்டீஸ். அதை யூடியூபில் தேடினால் தலையையும் காலையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு கிடக்கும் இளம்பிள்ளைகள்தான் வருவார்கள். அதை விடுங்கள். அறுபது தாண்டி, மூன்று மாதத்துக்கு மேலாக நாரி நோவோடு இருப்பவருக்கு அதில் கால்வாசிகூடத் தேவையில்லை. அதுவும் எலும்பு மெலிந்திருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருந்தால் முன்பக்கம் சுருண்டு எழும்பும் பயிற்சி எதுவுமே வேண்டாம், முள்ளெலும்பு நொறுங்கக்கூடும்.

முதலில் பழக வேண்டியது நிலத்தில் இறங்கி ஏறுவது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பாரமான மரக்கதிரை ஒன்றைச் சுவரோடு அணைத்து வையுங்கள், பிளாஸ்டிக் கதிரை வழுக்கும். அதன் இருக்கையைப் பிடித்து ஒரு முழங்காலை ஊன்றி, மற்றதையும் ஊன்றி, கையை நிலத்தில் வைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு மல்லாக்கத் திரும்புங்கள். எழும்பும்போதும் அதே வழி. மல்லாந்தபடியே விசுக்கென்று எழும்பக் கூடாது. முழங்கால் விடாதென்றால் அமுங்காத மெத்தையுள்ள கட்டிலே போதும்.

இப்போது முழங்காலை மடித்து, பாதத்தை இடுப்பகலத்துக்கு ஊன்றி, தலைக்கு மெல்லிய தலையணை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கால் இழுக்கும் மூச்சு விலாவை அகட்ட வேண்டும், வாயால் விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல் அடிவயிற்றை மெல்ல உள்ளே எடுங்கள். முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே விரலை வைத்துப் பார்த்தால் இலேசாக இறுகுவது தெரியும், வயிறு வெளியே புடைத்தால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். மூச்சை அடக்கவே வேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் கட்டாயம் கவனியுங்கள். பைலாட்டீஸின் உயிர் இந்த மூச்சில்தான், இது பிடிபடும் வரை மற்றதற்குப் போகாதீர்கள்.

அப்புறம் அந்த மூச்சோடு நாரியை நிலத்தில் மெல்ல அழுத்தி விடுவது, சீமெந்து நிலமென்றால் காலுறை போட்டுக் குதியை வழுக்கி ஒரு காலை நீட்டி மடக்குவது, பிறகு இடுப்பை ஒரு சாண் தூக்கி இறக்குவது. ஒவ்வொன்றும் எட்டுப் பத்துத் தடவை, கிழமையில் மூன்று நாள். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள்.

தசை இலேசாக உளைந்தால் பரவாயில்லை. நோ காலுக்குள் இறங்கினால் நிறுத்துங்கள். தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, கால் பலம் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் நாரிப்பிடிப்பு விடும் என்பார்கள். சரி, சுடுதண்ணி தசையை இளக்கும், பலத்தைத் தராது. பலம் வேண்டுமென்றால் வாளியைத் தூக்கும்போதும் பேரப்பிள்ளையைத் தூக்கும்போதும் அதே மூச்சை விட்டபடி தூக்குங்கள். தேங்காய் திருவும் திருவலையில் குந்திக் குனிந்திருப்பது மட்டும் இனி வேண்டாம், மேசையில் பூட்டுகிற துருவி ஒன்று வாங்கிவிடுங்கள்.