மலையில் பிள்ளை வளர்ப்பு: காசை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது

பிள்ளை வரப்போகிறது என்றதும் டவுனுக்கு இறங்கி, கடைக்காரர் பெட்டியில் அடுக்கித் தருகிற ‘பேபி செட்’டை வாங்கி வருவதுதான் முதல் தவறு. திறந்து பாருங்கள். பவுடர், கொலோன், கொழும்புச் சூட்டுக்குத் தைத்த கையில்லாத சட்டை நாலு, அழகான ஒரு குட்டித் தலையணை. பவுடர் பச்சைப் பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. கொலோன் யாருக்கென்றே தெரியவில்லை, தூக்க வருகிற சொந்தக்காரர்களுக்காக இருக்கலாம். தலையணை ஒரு வயது வரைக்கும் தொட்டிலுக்குள் வரவே கூடாது.

நம் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக்கு எதிரி இரண்டு: ஈரம், தூரம். இந்த இரண்டுக்கும் காசை விடுங்கள், மற்ற இடத்தில் கையை இறுக்குங்கள்.

ஈரத்தை எடுத்துக்கொள்வோம். துணி நாப்பியே போதும், ஒரு தரம் கட்டி எறிகிற பம்பஸ் வீண் செலவு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். வெயில் அடிக்கிற ஊரில் அது சரி. ஜூன், ஜூலையில் தலவாக்கலைப் பக்கம் பீலியில் அலசிப் போட்ட துணி மறுநாள் பின்னேரமும் சில்லென்றுதான் இருக்கும். கடைசியில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகையில் காயப்போடுவார்கள், அந்தப் புகை நாற்றத்தோடு அதைப் பிள்ளைக்குக் கட்டுவார்கள். அரை ஈரத் துணி பட்டுத் தோல் சிவந்து புண்ணானால், பம்பஸில் மிச்சம் பிடித்த காசு கிரீமுக்குப் போய்விடும். ஆகவே பகலில் துணி, ராத்திரிக்கும் அடைமழை நாட்களுக்கும் பம்பஸ் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பழைய பருத்திச் சேலை, சாரம் இருந்தால் கிழித்து ஓரம் அடித்து இரண்டு மூன்று டசின் துணி சேர்த்து வையுங்கள். அதற்குக் காசே வேண்டாம். பம்பஸை மலிவென்று பெரிய பெட்டியாக, அதுவும் மிகச் சின்ன அளவில் வாங்க வேண்டாம். சில கிழமைகளில் பிள்ளை அந்த அளவைத் தாண்டிவிடும். விலையை நினைத்து ஒரே பம்பஸை விடிய விடியக் கட்டி வைத்தாலும் அதே புண்தான்.

குளிர் உடுப்புக்குப் புதுக் கடை தேவையில்லை. நுவரெலியா பேல் பஜாரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் போட்டுக் கழித்த கம்பளிச் சட்டைகள் குறைந்த விலைக்கே கிடைக்கும். கொதிநீரில் நனைத்தால் கம்பளி சுருங்கும், வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் அலசினால் போதும். கழுத்தில் நாடா, ஆடுகிற பொத்தான் இருந்தால் முதலில் அறுத்துப் போடுங்கள். நாம் போடுவதை விட ஒரு சட்டை கூட. அவ்வளவுதான் கணக்கு. பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கை கால் கொஞ்சம் சில்லென்றிருப்பதை மட்டும் பார்த்து நாலு போர்வையால் மூடிவிடுகிறோம், அது ஆபத்து. அதைவிட ஆபத்து, குளிருக்கென்று கரித் தணலைச் சட்டியில் அள்ளிவந்து காம்பரா ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பது. தணல் விடுகிற காபன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோல் பட அணைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துவதை விட நல்ல சூடு கடையில் இல்லை. தாய்க்குக் கண் சொக்கினால் மட்டும் பிள்ளையை எடுத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

வீட்டுக் காசைச் சத்தமில்லாமல் விழுங்குவது மாப்பால். கொழுந்து பறிக்கத் திரும்பிப் போக வேண்டுமே என்று மூன்றாம் மாதத்திலேயே போத்தலுக்கு மாறிவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்தில் இரண்டு தரம் பால் கொடுக்கப் போக மகப்பேற்றுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா இருக்கிற இடத்தில் ஒவ்வொரு தரமும் அரை மணி, இல்லாத இடத்தில் ஒரு மணி. கேட்டு வாங்குங்கள். கையால் பீய்ச்சிச் சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் வைத்த தாய்ப்பால் நாலு மணி நேரம் வெளியிலேயே கெடாது. மாப்பால் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தகரத்தில் எழுதியிருக்கிற அளவிலிருந்து ஒரு கரண்டிகூடக் குறைக்கக் கூடாது. தண்ணீர் கூட்டி மாவை மிச்சம் பிடித்தால் பிள்ளை மெலியும், வலிப்புகூட வரலாம்.

போத்தலில் பிளேன்டி ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஆறு மாதம் முடிந்ததும் பக்கற்றில் வருகிற தானிய மா வாங்குகிற காசுக்கு முட்டை வாங்கலாம். சோறு, பருப்பு, மசித்த கரட், உப்புப் போக ஊறவைத்து இடித்த நெத்தலி, இதெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது. நிறை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் திரிபோஷ என்கிற சத்துமா தருவார்கள். அது அந்தப் பிள்ளைக்கு மட்டும், வீட்டில் எல்லாரும் உருண்டை பிடித்துச் சாப்பிட அல்ல!

இனித் தூரம். பிறந்ததும் போடுகிற பீசீஜீ என்கிற காசநோய்த் தடுப்பூசி, 2, 4, 6 மாத ஊசிகள், 9 மாதத்தில் எம்எம்ஆர் என்கிற தட்டம்மை வகை ஊசி, எல்லாம் அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். கண்டிக்குப் போய்த் தனியார் டாக்டரைச் செனல் பண்ணி அதே ஊசிகளைக் காசுக்குப் போடுவதில் கௌரவம் மட்டும்தான் கூடுதல். அந்தக் காசை ஒரு டப்பாவில் போட்டு ஓட்டோக் காசு என்று எழுதி வையுங்கள். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தோட்டத்து டிவிஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்க ஓட்டோக்காரர் கேட்பதைத் தர வேண்டும், கடன் சொல்கிற நேரம் அதுவல்ல. டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு டிஜிட்டல் தேர்மாமீற்றரும் இருக்கட்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காட்டினால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் விடியும் வரை பார்க்க வேண்டாம்.

பிள்ளை உள்ளே நின்று உருட்டிப் போகிற வோக்கர் வாங்கவே வாங்காதீர்கள். சமதரை வீடுகளிலேயே விபத்து என்று கனடா 2004இல் அதைத் தடை செய்தது. நம் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பைத் தாண்டினால் படி, படிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற கான். வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை அடித்தால் போதும்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் விசேஷத்துக்கு நகையை அடகு வைத்துப் பந்தல் போடுவதைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். விடுகிறேன்.

ஆனால் காசே கேட்காத ஒரு வேலையில்தான் நம் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள்: பிறப்புப் பதிவு. 42 நாளுக்குள் செய்ய வேண்டும். தகப்பன் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி என்று விழுந்தால், பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் அடையாள அட்டை எடுக்கும்போதும் பிரதேச செயலகத்துக்கு நடைதான். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம் போகும், சத்தியக் கடதாசிக்குத் தனிக் காசு. தாய் தகப்பன் பெயர்களை அடையாள அட்டையில் உள்ள எழுத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிவாளர் சிங்களத்தில் எழுதினால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வாசிக்கக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.