பிரைவசி பாலிசிய முழுசா படிக்காமலே ஒரு சைட்ட எடை போடுறது எப்படி

எந்த சைட்டுக்குப் போனாலும் அடியில பொடி எழுத்துல பிரைவசி பாலிசின்னு ஒரு லிங்க் கெடக்கும், அத யாரும் தொடுறதில்ல. தொடாததுல பெரிய தப்பும் இல்லங்க. 2008-லயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல கணக்குப் போட்டுப் பார்த்தாங்க, ஒரு ஆள் வருஷம் பூரா போற சைட்டோட பாலிசி எல்லாத்தையும் உக்காந்து படிச்சா ஏறக்குறைய 244 மணி நேரம் ஆகும்னு வந்துச்சு, அதுவும் இன்னைக்கு இருக்குற மாதிரி ஆளாளுக்கு போன் நிறைய ஆப் வச்சிருக்காத காலத்துல. அதனால மேலேர்ந்து கீழ வரைக்கும் படிக்க வேணாம். "உங்கள் தனியுரிமையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்"னு ஆரம்பிக்கிற முதல் பத்தி வெறும் உபசாரம், அத அப்படியே தாண்டிடுங்க.

கண்ட்ரோல் எஃப் அழுத்துங்க, போன்ல இருந்தா ப்ரௌசர் மெனுவுல பேஜுக்குள்ள தேடுற ஆப்ஷன் இருக்கும். முதல்ல தேட வேண்டியது 'ஷேர்' (share)ங்கிற வார்த்தை. எல்லாரும் 'செல்' (sell), அதாவது விக்கிறதுங்கிற வார்த்தையத் தேடுவாங்க, "நாங்க உங்க டேட்டாவ விக்க மாட்டோம்"னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க, பார்த்துட்டு நிம்மதியா மூடிடுவாங்க. அங்கதான் விஷயமே. நிறைய சைட் உங்க பேரையும் நம்பரையும் லிஸ்ட் போட்டு காசுக்குக் கைமாத்துறதில்ல, விளம்பர கம்பெனியோட ஸ்கிரிப்ட, அதாவது ஒரு குட்டி புரோகிராம, தன்னோட பேஜுக்குள்ள உக்கார வச்சுடுது, நீங்க என்ன பார்த்தீங்க எவ்ளோ நேரம் நின்னீங்கன்னு அது பாட்டுக்கு எடுத்துட்டுப் போகும். காசு கைமாறலையே, அப்ப விற்பனை இல்லையேன்னு சொல்லிக்கலாம்ல. கலிபோர்னியாவுல 2020-ல அமலுக்கு வந்த சட்டம் இந்த விஷயத்துல விற்பனைய நிறுத்தச் சொல்ற உரிமைய மட்டும்தான் குடுத்துச்சு, இந்த மாதிரி நழுவுறாங்கன்னு தெரிஞ்சு ஓட்டெடுப்பு வச்சு திருத்தம் கொண்டு வந்தாங்க, 2023-லேர்ந்து விளம்பரத்துக்காக ஷேர் பண்றதையும் நிறுத்தச் சொல்லலாம்.

'ஷேர்' வர்ற வரியில யார்கிட்டன்னு பாருங்க. பேமென்ட் இவங்க மூலமா, மெயில் அனுப்புறது இவங்க, சர்வர் இவங்களோடதுன்னு பேர் சொல்லி எழுதியிருந்தா அந்த சைட்ட ஓரளவு நம்பலாம். "நம்பகமான பார்ட்னர்கள்"னு மொட்டையா இருந்தா, அந்த நம்பிக்கை அவங்களுக்குத்தான், நமக்கு இல்ல.

அடுத்து 'ரீடெயின்' (retain). எவ்ளோ நாள் வச்சிருப்பாங்கங்கிறது இந்த வார்த்தை பக்கத்துல இருக்கும். "தேவைப்படும் காலம் வரை" அப்படின்னா பதிலே சொல்லலன்னு அர்த்தம். சர்வர் லாக் இத்தன நாள், பில் விவரம் வரிக்கணக்குக்காக இத்தன வருஷம், அக்கவுன்ட் மூடினா இத்தன நாள்ல அழிப்போம்னு பிரிச்சு எழுதுறவங்க உண்மையிலேயே யோசிச்சிருக்காங்க. சர்வர் லாக்னதும் நினைவு வருது, நீங்க லாகின் பண்ணாம எதையும் டைப் பண்ணாம சும்மா எட்டிப் பார்த்தாலும் உங்க ஐபி அட்ரஸ் (நெட்ல உங்க கனெக்ஷனோட நம்பர்), நேரம், எந்த ப்ரௌசர், பல சமயம் எந்த சைட்லேர்ந்து வந்தீங்கங்கிறது வரைக்கும் சர்வருக்குப் போயிடும். இது திருட்டுத்தனம் இல்ல, இன்டர்நெட் வேலை செய்யுற விதமே அப்படித்தான். எவ்ளோ நாள் வச்சிருக்காங்கங்கிறதுதான் கேள்வி.

மூணாவதா 'அனானிமைஸ்' (anonymize). பேர எடுத்துட்டுத்தான் டேட்டாவ குடுக்குறோம்னு சொல்ற இடம். இத அப்படியே நம்பிடாதீங்க. 2006-ல ஏஓஎல்ங்கிற இன்டர்நெட் கம்பெனி ஆறரை லட்சம் பேர் தேடின கிட்டத்தட்ட 2 கோடி தேடல ஆராய்ச்சிக்குன்னு வெளியிட்டாங்க, பேருக்குப் பதிலா வெறும் நம்பர்தான் போட்டிருந்தாங்க. கொஞ்ச நாள்லயே பத்திரிகைக்காரங்க ஒரு நம்பருக்குப் பின்னாடி இருந்தவங்கள அவங்க தேடினத வச்சே கண்டுபிடிச்சு வீட்டுக்கே போயிட்டாங்க. நாம தேடுறதுல நம்ம ஊர், குடும்பப் பேர், உடம்பு உபாதை எல்லாம் தானா வந்து விழுது, பேர மட்டும் எடுத்து என்ன பிரயோஜனம்.

பாலிசியில தேடுறது இவ்ளோதான். இனிமே அவங்க சொன்னதையும் செய்யுறதையும் ஒத்துப் பார்க்கணும், எனக்கு இதுதான் பிடிச்ச வேலை. கம்ப்யூட்டர்ல சைட்ட பிரைவேட் விண்டோவுல திறங்க, எஃப்12 அழுத்துங்க, பக்கத்துல ஒரு பெட்டி திறக்கும், அதுல நெட்வொர்க்குனு ஒரு டேப். இப்ப பேஜ ரீலோட் பண்ணுங்க. வரிவரியா ஓடும் பாருங்க, ஒவ்வொன்னும் உங்க ப்ரௌசர் யார்கிட்டயோ போய் எதையோ கேட்டு வாங்கினது. டொமைன்னு சைட் பேர் காட்டுற காலம் (column) தெரியலன்னா மேல தலைப்பு வரிசையில ரைட் கிளிக் பண்ணி வரவைங்க. சைட்டோட சொந்தப் பேர் வர்றது போக மத்ததப் பாருங்க. படம், எழுத்துரு, வீடியோ எடுக்குற இடமெல்லாம் சாதாரணம். 'ஆட்ஸ்', 'ட்ராக்', 'பிக்ஸல்', 'அனலிடிக்ஸ்'னு வர்றதெல்லாம் உங்களப் பத்தி சேதி சொல்லப் போற ஆளா இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பேர்ல ஒன்னக் கூட பாலிசியில காணோம்னா முடிவு நீங்களே பண்ணிக்கோங்க. (அதே பெட்டியில கன்சோல்னு ஒரு டேப் இருக்கும், அங்க இத பேஸ்ட் பண்ணு, அத பேஸ்ட் பண்ணுன்னு யாராவது சொன்னா செய்யாதீங்க, அக்கவுன்ட் காலி.)

பேனர் வந்து "குக்கீ ஏத்துக்கறீங்களா"ன்னு நிக்குதா, குக்கீன்னா உங்கள அடையாளம் வச்சுக்க சைட் உங்க ப்ரௌசர்ல விட்டுட்டுப் போற சின்னக் குறிப்பு, எதையும் அழுத்தாம எஃப்12 பெட்டியில குக்கீஸ் லிஸ்ட்டப் பாருங்க, குரோம்ல அப்ளிகேஷன்குள்ளயும் ஃபயர்ஃபாக்ஸ்ல ஸ்டோரேஜ்குள்ளயும் இருக்கும். நீங்க இன்னும் வாயே திறக்கல, அதுக்குள்ள விளம்பர குக்கீ வந்து உக்காந்திருந்தா அந்த பேனர் வெறும் நாடகம். ஐரோப்பாவுல இதுக்கு ரூல் கறார், முன்கூட்டியே டிக் போட்டு வச்ச பெட்டி சம்மதம் ஆகாதுன்னு 2019-ல அங்க இருக்குற உயர்ந்த கோர்ட்டே சொல்லிடுச்சு. நிராகரிக்கிற பட்டன் மூணு ஸ்கிரீன் தள்ளி ஒளிஞ்சிருந்தா பொறுமையா போய் அழுத்துங்க, இல்லன்னா தேர்ட் பார்ட்டி குக்கீய (நீங்க போன சைட் இல்லாம வேற கம்பெனி வைக்கிறது) ப்ரௌசர் செட்டிங்லயே மூடிடுங்க. சஃபாரி 2020-லேர்ந்து தானாவே மூடி வச்சிருக்கு.

அட்ரஸ் முன்னாடி எச்டிடிபிஎஸ் இருக்கே, பூட்டு போட்டிருக்கேன்னு சொல்றவங்க நிறைய. அது கவர ஒட்டி அனுப்புற மாதிரி, வழியில யாரும் பிரிக்க முடியாது, ஆனா வாங்கினவர் பிரிச்சு எங்க வைக்கிறார்ங்கிறதுக்கு அது பொறுப்பு இல்ல. ஏமாத்துற சைட்லயும் எச்டிடிபிஎஸ் இருக்கும். பூட்டு தெரிஞ்சாலே நல்ல சைட்டுன்னு ஜனங்க நினைச்சுக்குறாங்கன்னுதான் குரோம் 2023-ல அந்தப் படத்தையே எடுத்துடுச்சு.

பாஸ்வேர்ட எப்படி வச்சிருக்காங்கன்னு பார்க்க ஒரு சின்ன டெஸ்ட்: "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்" குடுங்க. புதுசா மாத்திக்கன்னு லிங்க் வந்தா சரி. உங்க பழைய பாஸ்வேர்டயே மெயில்ல அனுப்பினாங்கன்னா அன்னைக்கே அங்கேர்ந்து கிளம்புங்க. ஒழுங்கா பண்றவங்க பாஸ்வேர்ட ஹாஷ் பண்ணி வைப்பாங்க, பிகிரிப்ட் ஆர்கன்2 மாதிரி முறை இருக்கு, அதுலேர்ந்து பழச அவங்களாலேயே திருப்பி எடுக்க முடியாது. அப்படியே அனுப்ப முடியுதுன்னா உள்ள எதையும் மறைக்காம அப்படியே எழுதி வச்சிருக்காங்க, இல்ல திறக்குற சாவியையும் கூடவே வச்சிருக்காங்க, ஹேக் ஆன அன்னைக்கு எல்லாம் போச்சு. அதே பாஸ்வேர்ட வேற எங்க போட்டிருக்கீங்களோ அங்கெல்லாம் உடனே மாத்துங்க.

இவ்ளோ பார்த்தப்புறமும் அந்த சைட் வேணும்தான்னா குறைவா குடுங்க. ஸ்டார் போடாத கட்டம் எதையும் நிரப்பாதீங்க. பிறந்த தேதி எதுக்குன்னு புரியலன்னா, கட்டாயம் இல்லாத இடத்துல குடுக்காதீங்க. ஜிமெயில்ல உங்க ஐடிக்கு அப்புறம் ஒரு ப்ளஸ் போட்டு அந்த சைட் பேர சேர்த்துக்கலாம், மெயில் வழக்கம்போல வந்துடும், நாளைக்கு சம்பந்தமில்லாதவன் அந்த அட்ரஸுக்கு விளம்பரம் அனுப்பினா எங்கேர்ந்து கசிஞ்சதுன்னு ஓரளவு தெரிஞ்சிடும். ப்ளஸ்ஸ வெட்டிட்டு அனுப்புற கில்லாடிகளும் உண்டு, ஆனாலும் போட்டு வைங்க.

வேணாம்னு வெளிய வரணும்னா ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணினா மட்டும் ஒன்னும் அழியாது. பாலிசியோட கடைசியில ஒரு மெயில் ஐடி இருக்கும். அதுக்கு ரெண்டே வரி: என்னப் பத்தி என்ன வச்சிருக்கீங்கன்னு ஒரு காப்பி குடுங்க, அப்புறம் எல்லாத்தையும் அழிச்சிட்டு அழிச்சாச்சுன்னு எழுதுங்க. காப்பிய முதல்ல வாங்குங்க, அழிச்சப்புறம் கேட்டா ஒன்னும் இல்லன்னு வந்துடும். ஐரோப்பிய சட்டத்துக்குள்ள வர்ற கம்பெனின்னா சாதாரணமா ஒரு மாசத்துல பதில் சொல்லியாகணும், மத்த இடத்துல அந்தந்த நாட்டு சட்டம். அழிச்சாச்சுன்னு பதில் வந்ததும் அவங்க பாலிசியில சொன்ன அவகாசம் முடியுற வரைக்கும் விட்டுட்டு, அதே மெயில் ஐடிய போட்டு மறுபடி "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்" குடுத்துப் பாருங்க. ரீசெட் லிங்க் வந்து விழுந்துச்சுன்னா அக்கவுன்ட் இன்னும் உசுரோடதான் இருக்கு, அந்த மெயிலோட ஸ்கிரீன்ஷாட்ட சேர்த்து திரும்ப எழுதுங்க.