தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தையைப் பாட்டிலுக்குப் பழக்குவது

வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்குகிறது, குழந்தையோ பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, நிப்பிளை நாக்கால் வெளியே தள்ளுகிறது, கொஞ்சம் அழுத்திக் கொடுத்தால் முதுகை வளைத்துக்கொண்டு கத்துகிறது. இந்தக் கட்டத்தில் பலரும் செய்வது இன்னொரு பாட்டில், அதுவும் சரிவரவில்லை என்றால் வேறொன்று என்று வாங்கிக் குவிப்பது. பாட்டிலின் வடிவம் காரணமாக இருப்பது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் கொடுக்கிறார்கள், எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள், உள்ளே இருக்கும் பால் என்ன ருசியில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் அங்கே வரவேண்டும்.

அடம் பிடிக்கிறது என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் மார்பில் குடிப்பதும் பாட்டிலில் குடிப்பதும் ஒரே வேலை இல்லை. மார்பில் குடிக்கும்போது குழந்தை வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வி, கொஞ்ச நேரம் சப்பிய பிறகுதான் பால் இறங்கத் தொடங்கும். நடுவில் நிறுத்தலாம், மூச்சு வாங்கலாம், பால் குடிக்காமல் சும்மா சப்பிக்கொண்டும் கிடக்கலாம். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் தானாக வந்து விழுகிறது, விழுங்கித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். அதனால்தான் முதல் முறை புரையேறிய குழந்தை அடுத்த முறை பாட்டிலைப் பார்த்ததுமே அழுகிறது.

வயதும் முக்கியம். பிறந்த புதிதில் சப்புவது அனிச்சைச் செயல், வாயில் எது பட்டாலும் சப்பும். மூன்று நான்கு மாதத்துக்குள் அது குழந்தையின் இஷ்டத்துக்கு மாறிவிடுகிறது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆகவே பாட்டில் தேவைப்படும் என்று முன்பே தெரிந்தால், தாய்ப்பால் குடிப்பது நன்றாகப் படிந்த பிறகு, அதாவது பெரும்பாலும் ஒரு மாதம் வாக்கில், கொஞ்சமாகத் தொடங்கிவிடுவது நல்லது. தொடங்கிவிட்டு நடுவில் பல வாரம் விட்டுவிட்டால் பழகியது மறந்துபோகும். ஐந்து மாதக் குழந்தையை இப்போதுதான் பழக்குகிறீர்களா, முடியாது என்றில்லை, கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். வீட்டில் எல்லா நேரமும் அம்மா இருக்கப் போகிறார் என்றால் பாட்டிலே தேவையில்லை, ஊருக்காகப் பழக்க வேண்டாம்.

முதல் சில தடவை அம்மா கொடுக்காமல் அப்பாவோ, பாட்டியோ, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரோ கொடுக்கட்டும். அம்மா அதே அறையில் இருந்தால் வாசனையிலேயே குழந்தைக்குத் தெரிந்துவிடும், அசல் பக்கத்திலேயே இருக்கும்போது ரப்பரை ஏன் சப்ப வேண்டும்? கதவை மூடிக்கொண்டு அடுத்த அறையில் இருப்பதைவிட சும்மா வெளியே ஒரு நடை போய்வருவது மேல், குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டால் பாதியில் ஓடிவரத்தான் தோன்றும். சில குழந்தைகள் இதற்கு நேர்மாறு, அம்மா கையால் கொடுத்தால் மட்டுமே வாங்கும். இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

'நல்லாப் பசிக்கட்டும், அப்புறம் தானா குடிக்கும்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பசியில் கத்தும் குழந்தைக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இருக்காது. கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுவது, உதட்டைச் சப்புக்கொட்டுவது, இந்த ஆரம்ப அடையாளங்கள் தெரியும்போதே பாட்டிலை எடுக்க வேண்டும். பாதித் தூக்கத்தில், எழுந்தும் எழாமலும் இருக்கும்போது கொடுத்தால் பல குழந்தைகள் யோசிக்காமல் வாங்கிக்கொள்கின்றன.

இனி கொடுக்கும் விதம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். மடியில் கிட்டத்தட்ட நிமிர்ந்து உட்காருவதுபோல் வைத்து, கழுத்தையும் தலையையும் உங்கள் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலைத் தரைக்குச் சமமாக, படுக்கை வாட்டில் பிடியுங்கள், நிப்பிளில் பாதி அளவு பால் நின்றால் போதும். நிப்பிளால் மேல் உதட்டை மெதுவாகத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். வாயைத் தானே திறந்தால் மட்டும் உள்ளே வையுங்கள், திணிக்க வேண்டாம். நாலைந்து முறை விழுங்கியதும் பாட்டிலின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கீழே தாழ்த்துங்கள், பால் நிற்கும், குழந்தை மூச்சு விடும், திரும்பச் சப்பத் தொடங்கினால் மறுபடி பழையபடி உயர்த்துங்கள். கைவிரல்கள் விரிந்து விறைப்பது, புருவம் சுருங்குவது, வாயோரம் பால் வழிவது எல்லாம் 'வேகம் தாங்கவில்லை' என்பதற்கு அடையாளம், உடனே நிறுத்த வேண்டும். இப்படிக் கொடுத்தால் முழுப் பால் இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆகும், ஆகட்டும்.

முதல் நாள்களில் 15 முதல் 30 மில்லி போதும், 100 மில்லியைப் பீய்ச்சி எடுத்து அதைக் கீழே கொட்டும்போது வரும் வயிற்றெரிச்சல் இருக்காது. பத்து நிமிடம் பார்த்தும் வாங்கவில்லை என்றாலோ, முனகல் அழுகையாக மாறினாலோ அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டு, குழந்தையைச் சமாதானப்படுத்தி, வழக்கம்போல் மார்பில் கொடுத்துவிடுங்கள். நிப்பிளைக் கடித்து விளையாடினாலும் அது அன்றைய முன்னேற்றம்தான்.

சில சின்ன மாற்றங்கள் வேலை செய்யும். நிப்பிளை வெந்நீரில் காட்டி உடல் சூட்டுக்குக் கொண்டுவருவது. அம்மா போட்டிருந்த துணியைக் கொடுப்பவர் தோளில் போட்டுக்கொள்வது. மார்பில் குடிக்கும் அதே நிலையில் பிடித்தால் ஏமாற்றப்பட்டதுபோல் கோபப்படும் குழந்தைக்கு, முதுகை உங்கள் நெஞ்சில் சாய்த்து வெளியே பார்க்கவிட்டு, நடந்துகொண்டே கொடுத்துப் பார்ப்பது. அம்மாவே கொடுப்பதானால் முதலில் மார்பில் கொஞ்சம் குடிக்கவிட்டு, பசி அடங்கி நிதானமானதும் பாட்டிலுக்கு மாற்றலாம்.

அதிகம் பேர் கவனிக்காதது பாலின் ருசி. சிலருடைய பாலில் லைபேஸ் என்ற நொதி மும்முரமாக இருக்கும், ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ வைத்தால் கொழுப்பை உடைத்து சோப்பு வாடை அடிக்கச் செய்துவிடும். குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் குழந்தை துப்பிவிடும், நாம் பாட்டிலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். புதிதாக எடுத்த பாலை வாங்கிக்கொண்டு, சேமித்த பாலை மட்டும் மறுத்தால் காரணம் இதுவாக இருக்கலாம், நீங்களே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். அப்படியானால், எடுத்த உடனே ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரும்வரை சூடாக்கி, கொதிக்கவிடாமல் இறக்கி, சட்டென்று ஆறவைத்துச் சேமிக்கலாம். சூட்டில் பாலின் நல்ல குணங்களில் கொஞ்சம் குறையும் என்பதால் தேவைப்பட்டால் மட்டும் செய்தால் போதும். ஏற்கெனவே வாடை வந்துவிட்ட பாலைத் திருத்த முடியாது, புதிய பாலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்க்கலாம். ஃபார்முலா கொடுக்கப் போகிறவர்களும் முதலில் தாய்ப்பாலைப் பாட்டிலில் கொடுத்துப் பழக்கிவிட்டு மாறினால், ஒரே சமயத்தில் இரண்டு புது விஷயம் குழந்தையைத் தாக்காது.

சேமிப்புக் கணக்கு: எடுத்த பால் வெளியே 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். அறை ரொம்பச் சூடாக இருந்தால் வெளியே அவ்வளவு நேரம் வைக்க வேண்டாம். குழந்தை வாய் வைத்த மீதியை 2 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது, ஒரு இடம் ஆறியும் ஒரு இடம் வாய் வெந்துபோகும் சூட்டிலும் இருக்கும்.

இப்போது பாட்டிலுக்கு வரலாம். பால் மிக மெதுவாக வரும் நிப்பிள்தான் வேண்டும், பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து வேகமானதுக்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. நுனியிலிருந்து அடிப்பகுதிவரை படிப்படியாக அகலமாகும் வடிவம் பல குழந்தைகளுக்கு ஒத்துவருகிறது. ஒரு நிப்பிளை ஒரு வாரமாவது கொடுத்துப் பார்க்காமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

நிப்பிளில் தேன் தடவச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைக் கொண்டுவரலாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு நகர்வது மூச்சை அடைக்கும், கையில் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

குழந்தை பாட்டிலில் குடிக்கும் நேரத்திலெல்லாம் அம்மா பாலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், போகப் போகச் சுரப்பும் குறையும். எவ்வளவு எடுத்து வைப்பது என்றால், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு, பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 முதல் 45 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தும் பாட்டில் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சின்னக் கிண்ணத்தை உதட்டோடு வைத்து மெல்லச் சாய்த்தால், வாயில் ஊற்றாமல் குழந்தையே நக்கி உறிஞ்சவிட்டால், சில வாரக் குழந்தைகூடக் குடிக்கும். ஸ்பூனும் சரிதான். ஆறு மாதம் நெருங்கிவிட்டதென்றால் நேராகக் கப்புக்கே போய்விடலாம், இன்னும் கொஞ்ச நாளில் மறக்கடிக்கப் போகிற பாட்டிலுக்காக இவ்வளவு போராட்டம் எதற்கு? சில குழந்தைகள் பகலில் பேருக்குக் குடித்துவிட்டு, அம்மா வந்ததும் இரவெல்லாம் குடித்து ஈடுகட்டும். தூக்கம் கெடும், ஆனால் எடை ஏறிக்கொண்டு, நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போனால் பயம் இல்லை. சிறுநீர் குறைந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். ஒவ்வொரு முறையும் புரையேறுகிறது, மார்பிலும் சரியாகக் கவ்வுவதில்லை என்றால் நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு இறுகி நாக்கை இழுத்துப் பிடிக்கிறதா என்பதையும் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.