கிளைச் செயலாளர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தி.மு.க.வோ அ.தி.மு.க.வோ, தமிழ்நாட்டில் கட்சியின் அடிமட்டம் கிளைதான். கிராமத்தில் கிளைக்கு மேல் ஒன்றியம். மாநகரில் வட்டம், அதற்கு மேல் பகுதி. எல்லாவற்றுக்கும் மேல் மாவட்டம், பிறகு தலைமைக் கழகம். கிளைக்குள் அவைத்தலைவர், செயலாளர், துணைச் செயலாளர்கள், பொருளாளர், மேல் அமைப்புகளுக்குப் போகும் பிரதிநிதிகள். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது அவைத்தலைவர். வேலை முழுக்கச் செயலாளர் தலையில்.

அந்தத் தலைக்குள்ளேயே எல்லாம் தங்கிவிடுவதுதான் பெரிய கோளாறு. உறுப்பினர் பட்டியல் அவர் வீட்டுப் பரணில், வாட்ஸ்அப் குழு அவர் எண்ணில், வரவு செலவு அவர் சட்டைப் பையில். அவர் ஒன்றியச் செயலாளரோடு முறைத்துக்கொண்டாலோ வெளியூர் போனாலோ கிளையே காணாமல் போகிறது. உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகம் மூன்றும் வேண்டும். ரசீது பொருளாளரிடம் இருக்கட்டும். தீர்மானத்தின் கீழ் வந்தவர்கள் அன்றே கையெழுத்துப் போடட்டும். பிறகு வீடு வீடாக நோட்டைக் கொண்டுபோய் வாங்கும் கையெழுத்து, உட்கட்சித் தேர்தலில் தகராறு வந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது.

அடுத்தது, கிளையும் பாகமும் ஒன்றென்று நினைப்பது. கிளை என்பது கட்சி போட்ட எல்லை. பாகம் என்பது வாக்காளர் பட்டியலின் எல்லை, ஒரு வாக்குச்சாவடிக்கு, அதாவது பூத்துக்கு, ஒரு பாகம். ஓர் ஊர் இரண்டு பாகமாக உடைந்திருக்கும், அல்லது இரண்டு குக்கிராமங்கள் ஒரே பாகத்தில் இருக்கும். எங்கள் ஊர் ஓட்டு நானூறு என்று செயலாளர் மேலே சொல்லும் கணக்கு, எண்ணிக்கை நாளில் எந்தப் பூத்தோடும் பொருந்தாமல் போவது இதனால்தான். பட்டியலை அச்செடுத்து முதல் பக்கத்தில் இருக்கும் பிரிவுகளைப் பாருங்கள். எந்தத் தெரு எந்தப் பாகம் என்று அங்கேயே இருக்கும். உள்ளே ஒரு பக்கத்துக்கு முப்பது பெயர், ஏறக்குறைய பத்து வீடு. அந்தப் பத்து வீட்டுக்கு ஒருவர் என்று பிரித்தால், இறந்தவர் யார், கட்டிக்கொடுத்துப் போன பெண் யார், திருப்பூரில் தங்கிவிட்டவர் யார் என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

பாக முகவரையும் பூத் ஏஜென்ட்டையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. பாக முகவர், அதாவது பி.எல்.ஏ.-2, கட்சியின் சார்பில் ஆண்டு முழுதும் பட்டியல் வேலை பார்ப்பவர். படிவம் 6 பெயர் சேர்க்க, 7 நீக்க, 8 இடமாற்றத்துக்கும் திருத்தத்துக்கும். வழக்கமான திருத்தக் காலத்தில் பி.எல்.ஓ.விடம், அதாவது பாகத்தின் பட்டியலைக் கவனிக்கும் அரசு அலுவலரிடம், அவர் நாளொன்றுக்குப் பத்துப் படிவத்துக்கு மேல் தர முடியாது. மொத்தம் முப்பதைத் தாண்டினால் வாக்காளர் பதிவு அதிகாரி தரப்பிலேயே மறு சரிபார்ப்பு நடக்கும். கடைசி நாளில் நூறு படிவத்தைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வருவது இதனால்தான். தான் பார்க்காத ஆளுக்குச் சரிபார்த்தேன் என்று எழுதிக் கொடுப்பதும் ஆபத்து: பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

பூத் ஏஜென்ட் வேறு, வாக்குப்பதிவு நாளில் வேட்பாளர் சார்பில் சாவடிக்குள் உட்காருபவர். அவரை நியமிக்கும் படிவம் 10-இல் வேட்பாளரோ அவரது தலைமை ஏஜென்ட்டோ கையெழுத்திட்டால்தான் உள்ளே விடுவார்கள், மாவட்டச் செயலாளர் கடிதம் செல்லாது. ஏழு மணி வாக்குப்பதிவுக்கு, இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. அதற்குப் போகாமல் எட்டு மணிக்கு இட்லி முடித்து வருபவர் இயந்திரத்தில் குறை சொல்லிப் பயனில்லை. மாலையில், பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கும் 17-சி படிவத்தின் நகலை வாங்காமல் கிளம்புவது அதைவிட மோசம். எண்ணும் இடத்தில் ஒப்பிட அந்தத் தாள் ஒன்றுதான் கையில் இருக்கும்.

பணத்தில் ஒரு சின்ன விஷயம். ஒரே ஆளிடம் ரொக்கமாக இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் நன்கொடை வாங்கினால் கட்சியின் வருமான வரி விலக்கையே பாதிக்கும். அதற்கு மேல் தருபவரிடம் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேளுங்கள். அடிக்கட்டை இல்லாத ரசீதில் வசூல் செய்தால், அடுத்த ஆண்டு அதே கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிடுவார்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் கிளை இரண்டாகப் பிளப்பது ஏறக்குறைய சடங்கு. கிராமத்தில் ஒருவருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் பதவிகள் கட்சி சாராதவை. பச்சை வாக்குச்சீட்டு ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு, இவை இரண்டில்தான் கட்சிச் சின்னம் வரும். தலைவர் பதவிக்கு ஒரே கிளையில் இருவர் சுயேச்சைச் சின்னத்தில் நிற்பார்கள், கட்சியால் சட்டப்படி யாரையும் நிறுத்தவும் முடியாது, விலக்கவும் முடியாது. செயலாளர் தன் பங்காளிக்காகத் தலைவர் ஓட்டுக் கேட்டு அலைந்தால், மற்ற தெரு பச்சைச் சீட்டில் பழி தீர்க்கும். தலைவர் போட்டியில் செயலாளர் வாய் திறக்காமலிருப்பதே மேல்.

தெரு என்றதும் சொல்ல வேண்டியது: பொறுப்பு முழுவதும் ஒரு தெரு, ஒரு வகையறா என்று இருக்கும் கிளைகள் ஏராளம். காலனியிலிருந்து ஒருவரைத் துணைச் செயலாளராகப் போட்டுவிட்டு, கூட்டத்தை எப்போதும் ஊர்ப் பக்கத்துத் திண்ணையில் வைத்தால் அது கணக்குக் காட்டல் மட்டுமே. கூட்டத்தை ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே வையுங்கள்.

கொள்கையால் உடைந்த கிளையைவிட, அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனதால் உடைந்தவை அதிகம். அச்சுக்குப் போகும் முன் பொறுப்பாளர் பட்டியலை வைத்து இருவர் சரிபார்க்க வேண்டும். செயலாளர் அதில் ஒருவராக இருக்கக் கூடாது. பேனர் என்றால் அனுமதி எண் இல்லாமல் கட்டாதீர்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து இளம்பெண் ஒருவர் இறந்த பிறகு, கம்பு நட்டவர்மீதும் வழக்கு வரும் என்பது ஊருக்கே தெரியும்.