அக்கா தங்கைகள் மலையூருக்குப் பழம்பொருள் வாங்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா தங்கைகள் மட்டும் சேர்ந்து இரண்டு நாள் மலைக்குப் போய் வருவது என்று முடிவானதும் அறை பதிவாகிவிடும், வண்டி பேசியாகிவிடும், என்ன உடுத்துவது என்றுகூடப் பேசி முடித்துவிடுவார்கள். பழம்பொருள் கடைகள் பற்றிய பேச்சு மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதோடு நின்றுவிடும். காசு கரைவதும் முகம் சுருங்குவதும் அங்கேதான். கடைக்காரர் எதிரில் நின்றுகொண்டு எடுக்க வேண்டிய முடிவுகள் எவ்வளவு குறைகின்றனவோ, அவ்வளவுக்குப் பயணம் நன்றாக இருக்கும். முக்கால்வாசித் தவறுகளை வீட்டில் இருக்கும்போதே தவிர்த்துவிடலாம்.

கடைகளைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது

சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்பும் பயணத்தில், மலை ஏறி இறங்கும் நேரத்தைக் கழித்தால் கையில் ஒரு பகலும் கொஞ்சமும்தான் மிஞ்சும். வாங்கியதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமே என்று பலரும் கடைகளை ஞாயிறு மதியத்துக்கு ஒதுக்குகிறார்கள். சிறிய ஊர்களில் ஞாயிறன்று திறக்காத கடைகள் உண்டு. பழம்பொருள் கடை பல இடங்களில் ஓர் ஆள் நடத்துவது. அவருக்கு வேறு வேலை வந்துவிட்டால் அன்றைக்குப் பூட்டுதான். போவதற்கு முன்பே ஃபோன் செய்து எந்த நாள், எத்தனை மணி வரை என்று கேட்டுவிடுங்கள்.

சனி மதியம் கடைகளைச் சுற்றிப் பாருங்கள், பிடித்ததைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள். ராத்திரி அறையில் உட்கார்ந்து பேசுங்கள். மறுநாள் காலையும் அதே பொருள் மனத்தில் நின்றால் போய் வாங்குங்கள். நடுவில் யாராவது வாங்கிப் போய்விட்டால்? போகட்டும். ஒரு ராத்திரி காத்திருந்ததால் கைவிட்டுப் போன பொருளைவிட, காத்திருக்காமல் வாங்கிப் பரணில் போட்ட பொருள்தான் எந்த வீட்டிலும் அதிகம்.

வானிலையும் இதற்கு ஒத்துவரும். வெயிலில் சூடான காற்று சரிவு வழியாக மேலே ஏறுவதால் மலைகளில் மதியத்துக்கு மேல் மேகம் கூடுவது சகஜம். விடியற்காலையில் காட்சிமுனை, மதியம் கடை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். 2,000 மீட்டரில் இருக்கும் ஊர் அடிவாரத்தைவிட 13 டிகிரி வரை குளிராக இருக்கலாம். 2,500 மீட்டருக்கு மேல் என்றால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குவது எல்லாம் வரும். முதல் நாள் மெதுவாக நடங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருபவர் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்ப்பது நல்லது. மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டால்தான் பலன். அது தூக்கம் வரவழைக்கும் என்பதால் வண்டி ஓட்டுபவர் தொடக் கூடாது.

"நான்தான் முதலில் பார்த்தேன்"

உங்கள் சிறுவயது வீட்டில் இருந்ததைப் போலவே ஒரு விளக்கு கடையின் மூலையில் இருக்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கிறீர்கள். "அம்மா வைத்திருந்த அதே மாதிரி!" என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு காரியம் கெட்டது. கடைக்காரர் இனி விலையில் அசையமாட்டார். அடுத்து, அந்த விளக்கு யாருக்கு என்ற கேள்வி, யாரும் கேட்காமலேயே, மூன்று பேர் மனத்திலும் வந்து உட்கார்ந்துவிட்டது.

கிளம்பும் முன்பே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கையில் எடுத்தவருக்கு முதல் உரிமை என்று வைக்கலாம், சீட்டுக் குலுக்கலாம், இந்தப் பயணத்தில் மூத்தவள், அடுத்த பயணத்தில் இளையவள் என்று முறை வைக்கலாம். எந்த விதி என்பதைவிட, ஒரு விதி இருக்கிறது என்பதுதான் காப்பாற்றும். விட்டுக்கொடுத்தே பழகியவள் ஒருத்தி எல்லாக் குடும்பத்திலும் இருப்பாள். விதி இல்லையென்றால் இந்த முறையும் அவள்தான் விட்டுக்கொடுப்பாள். வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள்; ஆனால் அடுத்த பயணத்துக்குக் கூப்பிடும்போது அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

சேர்ந்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய மேஜையைப் பாதியாக வெட்ட முடியாது. அது ஒரு வீட்டில் இருக்கும், இன்னொரு வீட்டில் அதைப் பற்றிய பேச்சு இருக்கும். ஒருத்தி வாங்கட்டும், மற்றவர்கள் வேண்டுமானால் அதை அவளுக்குப் பரிசாகக் கொடுக்கட்டும்.

பணத்தைப் பேசாமல் விடுவதும் அதே வகைதான். சகோதரிகளின் வருமானம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று அவரவர் மனத்துக்குள் ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, தங்குமிடம், வண்டிச் செலவு ஆகியவற்றை மட்டும் பொதுவாக்குங்கள். "நீ எடு, நான் கொடுத்துக்கொள்கிறேன்" என்று அக்கா சொல்வது அன்புதான். கடைக்காரர் முன்னால் சொன்னால் தங்கைக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

அப்புறம், பழம்பொருளில் ஆர்வமே இல்லாத ஒருத்தியும் கூட்டத்தில் இருப்பாள். அவளை எல்லாக் கடைக்கும் இழுக்காதீர்கள். இரண்டு மணி நேரம் நடக்கவோ தூங்கவோ விட்டுவிட்டால், திரும்பி வரும்போது உங்கள் பையைப் பிடித்துக்கொள்ள ஒரு சுறுசுறுப்பான ஆள் கிடைக்கும்.

பேரம் பேச ஒருவர் போதும். மற்றவர்கள் வேறு அலமாரியைப் பார்க்கட்டும். பொருளைக் குறை சொல்லி விலை இறக்கப் பார்ப்பது பெரும்பாலும் எடுபடாது. தேடிச் சேர்த்தவருக்கு அது பிடிக்காது. இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து வைத்து "மொத்தமாக எடுத்தால் என்ன தருவீர்கள்?" என்று கேட்டால் இறங்கி வர அவருக்கும் ஒரு சாக்கு கிடைக்கும்.

முகப்பை மட்டும் பார்த்து வயதை நம்புவது

தூசி வயதல்ல, அழுக்கும் வயதல்ல. இவை இரண்டையும் ஒரே வாரத்தில் உண்டாக்கிவிடலாம். வயதை மறைக்க முடியாத இடங்கள் பின்பக்கம், அடிப்பக்கம், உட்பக்கம்.

டிராயர் உள்ள மேஜை என்றால் டிராயரை முழுவதும் வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். மூலையில் இரண்டு பலகைகள் விரல் கோத்தது போல் சேர்ந்திருக்கும். அந்தப் பற்கள் ஒன்றுக்கொன்று அகலத்தில் கொஞ்சம் மாறி, ஓரத்தில் உளிக்கோடு தெரிந்தால் கை வேலை. எல்லாம் அச்சில் வார்த்தது போல் ஒரே அளவு என்றால் இயந்திர வேலை. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அடிப்பலகையில் வில் போல வளைந்த ரம்பக் கோடுகள் இருந்தால் அது வட்ட ரம்பத்தில், அதாவது இயந்திரத்தில் அறுத்தது. திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அந்த ஆணி 1930களுக்கு முந்தையது அல்ல. அதை வைத்து மட்டும் மேஜையைத் தள்ளிவிடாதீர்கள். பழுது பார்த்தபோது மாற்றியிருக்கலாம். ஆணியைச் சுற்றி மரத்தின் நிறம் மாறாமல் புதிதாக இருக்கிறதா, வேறு பழைய துளை ஏதாவது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சோதனைக்கு அளவு நாடா போதும். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், ரேகையின் போக்கில் சுருங்குவது மிகவும் குறைவு. அதனால் முழு மரப் பலகையில் செய்த பழைய வட்ட மேஜை காலப்போக்கில் சற்றே முட்டை வடிவமாகிவிடும். இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். நூறு வயது என்று சொல்லப்படும் மேஜை இரண்டு பக்கமும் நூல் பிசகாமல் ஒரே அளவு காட்டினால் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும். தேய்மானத்தையும் கவனியுங்கள். நாற்காலியில் கால் வைக்கும் குறுக்குச் சட்டமும் கை வைக்கும் முனையும்தான் தேயும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் தேய்த்தது காலம் அல்ல, உப்புத்தாள்.

உலோகத்துக்கு ஒரு சிறிய காந்தம் கொண்டுபோங்கள். பித்தளை, வெண்கலம், செம்பு, வெள்ளி எதிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. ஒட்டவில்லை என்பதால் மட்டும் வெள்ளி என்று ஆகிவிடாது. 1840களிலிருந்து மின்முலாம் பூசிய பொருட்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஈபிஎன்எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தால் அது வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலவை. 925 என்ற எண் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கான அடையாளம். எண்ணை யாரும் பொறித்துவிடலாம் என்பதால் விலை பெரிதாக இருந்தால் சோதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பீங்கான் கோப்பையின் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டுங்கள், விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பெரும்பாலும் சரி. மொத்தென்று கேட்டால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கலாம். ஃபோன் விளக்கை உள்ளே பிடித்தால் தெரிந்துவிடும். அடியில் தயாரித்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இறக்குமதியாகும் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பெயர் இல்லை என்பது பழமைக்குச் சான்று ஆகாது.

வாங்கவே கூடாதவையும் சில உண்டு. இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய கடிகார முகப்புகள் 1910களிலிருந்து 1960கள் வரை வந்தன. ஒளி போயிருக்கும், ரேடியம் போயிருக்காது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடி உடைந்ததை வாங்காதீர்கள், முழுதாக இருப்பதையும் திறக்காதீர்கள். பழைய வண்ணப் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் பூச்சு உதிரும் பொம்மையும் தொட்டிலும் குழந்தைக்கு வேண்டாம். யானைத் தந்தம், ஆமை ஓடு, சில வகை ஈட்டி மரம் ஆகியவை அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருகின்றன. எல்லை தாண்டும்போது உரிய அனுமதி இல்லையென்றால் பறிமுதல்தான். தோண்டி எடுத்ததோ வழிபாட்டுத் தலத்திலிருந்து வந்ததோ என்று சந்தேகம் தட்டினால் ஆவணம் கேளுங்கள். பதில் இழுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

ரசீது வாங்காமல் வருவதும் பெரிய தவறு. என்ன பொருள், எந்தக் காலத்தது, எங்கே பழுது பார்த்தது என்று கடைக்காரர் வாயால் சொன்னதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் நூறு வருடம் என்றவர் எழுதும்போது ஐம்பதுக்கு இறங்குவது உண்டு. பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் நூறு வயதைத் தாண்டியதுதான் பழம்பொருள் என்பதால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவருக்கு அந்த எழுத்து இன்னும் முக்கியம்.

மலையிலிருந்து இறக்குவது

வண்டியின் பின்பக்கத்தையும் வீட்டு வாசலையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், துணி சுற்றி நிற்க வைத்து அடுக்குங்கள். பின் கண்ணாடியை மறைக்கும் உயரத்துக்குச் சாமான் ஏற்றாதீர்கள். இருட்டுவதற்குள், தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

ஊசல் கடிகாரம் வாங்கினால் ஊசலைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். மேலே சரியாக நேரம் காட்டியது கீழே கொஞ்சம் முந்தி ஓடும். உயரத்தில் ஈர்ப்பு விசை மிகச் சற்றே குறைவு. 2,000 மீட்டரிலிருந்து கடல் மட்டத்துக்கு வந்தால் நாளுக்கு 27 விநாடி வரை வித்தியாசம் வரலாம். ஏமாற்றிவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டாமல் ஊசல் குண்டைத் துளி கீழே இறக்கினால் சரியாகிவிடும். பழைய காற்றழுத்தமானிக்கும் அப்படியே, கீழே வந்ததும் முள்ளைத் திருத்த வேண்டும். பாதரசம் உள்ளதை மட்டும் தொடாமல் இருப்பது நல்லது. வழியில் உடைந்தால் வண்டியையே சுத்தம் செய்ய முடியாது.

ஈரமும் குளிருமான ஊரில் பல காலம் இருந்த மரத்தை நேராக ஏசி அறையில் வைத்தால் ஈரம் வேகமாக இழந்து வெடிக்கும், ஒட்டுப் பலகை பெயரும். சில வாரம் வெயிலும் ஏசியும் படாத இடத்தில், மற்ற மரச் சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். அடியில் ஒரு கறுப்புத் தாளை விரியுங்கள். சிறு துளைகள் இருப்பது மட்டும் கவலை இல்லை, பழைய மரத்தில் இருக்கத்தான் செய்யும். தாளின் மேல் வெளிர் நிறத்தில் புதுத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. சின்னப் பொருளாக இருந்தால் பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். ஒட்டோ வண்ணமோ உள்ளதையும் பெரிய சாமானையும் மர வேலை தெரிந்தவரிடம் காட்டிவிட்டு உள்ளே எடுங்கள்.