ஜூம் செய்தால் உள்ளே போய்விட முடியாது

ஒரு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் நடைமுறையை வரைந்த கோப்பு. மொத்தம் 35 பக்கம். திரையைப் பகிர்ந்தபடி எட்டுப் பேருக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "சார், இன்சூரன்ஸ் அப்ரூவல் வரலைன்னா பேஷண்ட் எங்கே போவாங்க? அதைக் காட்டுங்க." 'காப்பீட்டு ஒப்புதல்' என்று எழுதிய பெட்டி கண்ணெதிரேதான் இருந்தது. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினேன். 200 சதவீதம், 300, 400. பெட்டி பெருத்தது, எழுத்து பெருத்தது, கடைசியில் திரை முழுக்க 'ஒப்பு' மட்டும் நின்றது. பெட்டியின் அடியில் சின்னதாக ஒரு கூட்டல் குறி இருந்திருக்கிறது. நான் உருட்டிய உருட்டலில் அது திரைக்கு வெளியே போய்விட்டது. அவர் கேட்டதற்கான பதில் அந்தக் கூட்டல் குறிக்குப் பின்னால், வேறொரு பக்கத்தில் இருந்தது.

பல மட்டங்கள் கொண்ட டயகிராமில் நகர்வதற்கு இரண்டு வழி உண்டு. கிட்டே போவது, தள்ளி வருவது, அது ஜூம். ஒரு பெட்டிக்குள் இறங்குவது, திரும்ப மேலே ஏறுவது, அது மட்டம். வீட்டு பிளானில் தரைத்தளத் தாளை எவ்வளவுதான் கண்ணருகே கொண்டுவந்தாலும் மாடி தெரியாது, தாளைப் புரட்ட வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கை தானாகச் சக்கரத்துக்குப் போகிறது. கூகுள் மேப்ஸ் பழக்கிய கை அது. அங்கே கிட்டே போகப் போகத் தெருப்பெயர் வரும், கடைப்பெயர் வரும். விசியோ, டிரா.ஐஓ போன்ற டயகிராம் வரையும் மென்பொருள்களில் அப்படி எதுவும் வராது. அதே படம்தான், பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

குறியைப் படிக்காமல் விடுவது

எனவே ஒரு பெட்டியை நெருங்கும்முன் அதன் உடம்பில் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். வேலை நடைமுறைகளை வரைவதற்கான பிபிஎம்என் என்ற குறியீட்டு முறையில் வரைந்த படமானால், பெட்டியின் கீழ் நடுவில் கூட்டல் குறி இருந்தால் உள்ளே ஒரு துணைச் செயல்முறை மடங்கிக் கிடக்கிறது என்று பொருள். பெட்டியின் கோடே தடிமனாக இருந்தால் அது வேறு சங்கதி: அந்தச் செயல்முறை இந்தப் படத்துக்கு மட்டும் சொந்தமில்லை, வெளியே தனியாக இருப்பதை இங்கே கூப்பிடுகிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் தடிமன் பெட்டிக்குள் போய் எதையாவது மாற்றிவிட்டால், அதைக் கூப்பிடும் இன்னும் நாலு படத்திலும் மாறிவிடும்.

மென்பொருளுக்கு மென்பொருள் வாசலும் வேறு. விசியோவில் பக்கம் தாவும் குறியை இருமுறை சொடுக்க வேண்டும். பொறியாளர்கள் அமைப்புகளை மாதிரியாக்கும் சிமுலிங்கில் துணை அமைப்பை இருமுறை சொடுக்கினால் உள்ளே போகலாம், எஸ்கேப் அழுத்தினால் மேலே வரலாம். டிரா.ஐஓவில் பார்க்கும் நிலையில் பெட்டியைத் தொட்டாலே தாவிவிடும். திருத்தும் நிலையிலோ தொட்டால் பெட்டி தேர்வாகும், லிங்க் அதன் அருகே தனியாகத் தெரியும், அதைச் சொடுக்க வேண்டும். "லிங்க் வேலை செய்யலை" என்று வரும் புகார்களில் நான் பார்த்தவரை பாதி, திருத்தும் நிலையில் நின்றுகொண்டு பெட்டியையே தட்டிக்கொண்டிருப்பவர்களுடையது.

எண் இல்லாத பக்கங்கள்

உள்ளே இறங்கியாயிற்று. இப்போது எங்கே நிற்கிறோம்? சிமுலிங்கில் மேலே ஒரு பட்டையில் வந்த வழி முழுக்க வரிசையாக இருக்கும். சாதாரண டயகிராம் மென்பொருளில் அந்த வசதி கிடையாது. கீழே பக்கங்களின் தாவல்கள் (டேப்) மட்டும் ஒரே வரிசையில் இருக்கும். எது தாய், எது பிள்ளை என்று அந்த வரிசை சொல்லாது. போதாக்குறைக்கு 'பேஜ்-17', 'பேஜ்-18' என்று மென்பொருள் தானாக வைத்த பெயரை அப்படியே விட்டிருப்பார்கள். நானும் விட்டிருந்தேன்.

இதற்கு நம் முன்னோடிகள் விசியோ போன்ற மென்பொருள்கள் வருவதற்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் தரவு ஓட்டப் படத்தில் 3 என்ற பெட்டியை விரித்தால் உள்ளே 3.1, 3.2, 3.3, அதில் 3.2-ஐ விரித்தால் 3.2.1, 3.2.2. கல்லூரியில் படித்து, தேர்வு எழுதி, மறந்துபோன விஷயம். 1993-இல் அமெரிக்க அரசு தரநிலையாக வெளியிட்ட ஐடெஃப்0 என்ற, ஒரு அமைப்பின் வேலைகளைப் பெட்டிகளாக வரையும் முறையில் இன்னும் கறார். முழு அமைப்பையும் ஒரே பெட்டியாகக் காட்டும் தாள் ஏ-0 (நடுவில் உள்ளது கழித்தல் குறி), அதை விரித்தால் ஏ0, அதன் பெட்டிகள் ஏ1, ஏ2, ஏ3. ஏ3-க்குள் இரண்டாவது பெட்டி ஏ32. எண்ணைப் பார்த்தாலே எத்தனை படி கீழே நிற்கிறோம், மேலே போனால் எந்தத் தாள் என்று தெரிந்துவிடும். ஏ-0 தவிர மற்ற எந்தத் தாளிலும் மூன்று பெட்டிக்குக் குறையக்கூடாது, ஆறுக்கு மேல் போகக்கூடாது என்றும் அதில் விதி உண்டு. ஆறு எதற்கு என்பது புரிகிறது. மூன்றுக்குக் காரணம் எனக்குப் பிடித்தது: இரண்டே பெட்டிக்காக ஒருவரைக் கீழே இறங்க வைக்காதே.

நீங்கள் ஐடெஃப்0 வரையாவிட்டாலும் இந்த எண் முறையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். தாவலின் பெயரை '3.2 காப்பீட்டு ஒப்புதல்' என்று மாற்றுங்கள். எல்லாப் பக்கத்திலும் இடது மேல் மூலையில், ஒரே இடத்தில், தாய்ப் பக்கத்துக்குப் போகும் லிங்க் ஒன்று வையுங்கள். இடம் மாறக்கூடாது என்பதுதான் முக்கியம். கை பழகியபின் கண் தேடாது.

அம்புகளை எண்ணாமல் இறங்குவது

ஒரு பெட்டிக்குள் போகும்முன் அதற்குள் நுழையும் அம்புகளையும் வெளியேறும் அம்புகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். கீழே போனதும் அதே அம்புகள் அந்தப் பக்கத்தின் ஓரங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தரவு ஓட்டப் படங்களில் இது கட்டாயம்: தாய்ப் பெட்டிக்கு வந்ததும் போனதும் பிள்ளைப் படத்தில் அப்படியே இருக்க வேண்டும்.

என் மருத்துவமனைப் படத்தில் 'காப்பீட்டு ஒப்புதல்' பெட்டியிலிருந்து வெளியே போனது ஒரே ஒரு அம்பு, 'ஒப்புதல் கிடைத்தது'. உள்ளே இறங்கிப் பார்த்தால் முடிவுகள் இரண்டு: கிடைத்தது, மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட வழி பக்கத்தின் ஓரம்வரை வந்து அந்தரத்தில் நின்றது. மேலே அதற்கு வாசலே இல்லை. அந்த அம்மா கேட்டது வழி தெரியாதவர் கேட்ட கேள்வி அல்ல, படத்தில் இருந்த ஓட்டையைத்தான் தொட்டிருக்கிறார். அம்புகளை எண்ணியிருந்தால் கூட்டத்துக்கு முந்தைய நாளே எனக்குத் தெரிந்திருக்கும்.

சுருங்கிப் புள்ளியாகும் படம்

வழி தவறினால் முதலில் செய்ய வேண்டியது முழுப் படத்தையும் திரைக்குள் கொண்டுவருவது. விசியோவில் கண்ட்ரோல் + ஷிப்ட் + டபிள்யூ, டிரா.ஐஓவில் கண்ட்ரோல் + ஷிப்ட் + ஹெச், திரை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவில் ஷிப்ட் + 1. இழுத்து இழுத்துத் தேடுவதை விட இது எவ்வளவோ மேல். முழுப் படம் வந்ததும் போக வேண்டிய இடத்தின் மேல் மவுஸ் அம்பை வைத்து அங்கேயே ஜூம் செய்யுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் அம்பு நிற்கும் இடத்தை மையமாக வைத்துத்தான் பெரிதாக்கும். ஆக, வெளியே ஒரு பாய்ச்சல், உள்ளே ஒரு பாய்ச்சல். நடுவில் இழுவை இல்லை.

சில சமயம் இதைச் செய்தால் படம் மூலையில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும், மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளை. பயப்பட வேண்டாம். எப்போதோ தவறிப்போய்ச் சொடுக்கியதில் பிறந்த காலி எழுத்துப்பெட்டி ஒன்று எங்கோ தூரத்தில் கிடக்கும். அதையும் சேர்த்துத்தான் மென்பொருள் அளக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் அந்த அனாதைப் பெட்டியும் கண்ணுக்குத் தெரியும். அதை மட்டும் தனியே பிடித்து அழித்துவிட்டால் சரியாகிவிடும்.

பக்கவாட்டில் சின்னப் படமாக முழு வரைபடத்தையும் காட்டும் பலகணி ஒன்றும் உண்டு. டிரா.ஐஓவில் கண்ட்ரோல் + ஷிப்ட் + ஓ. விசியோவில் வியூ பட்டியலில் பேன் அண்ட் ஜூம். மடிக்கணினித் திரையில் இடத்தை அடைக்கிறது என்று மூடிவிடுகிறோம். பெரிய படம் என்றால் திறந்தே வைக்கலாம். ஆனால் அது காட்டுவது நீங்கள் நிற்கும் பக்கத்தை மட்டும்தான். மேல், கீழ் மட்டங்களைக் காட்டாது.

தேடல் பொய் சொல்லும்போது

கண்ட்ரோல் + எஃப் அழுத்தித் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவுகட்டும்முன், எங்கே தேடியது என்று பாருங்கள். விசியோவிலும் டிரா.ஐஓவிலும் எல்லாப் பக்கங்களிலும் தேடச் சொல்லித் தேர்வுசெய்யும் இடம் தனியாக இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டால் நிற்கும் பக்கத்தோடு நின்றுவிடும்.

தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தேடல் அவற்றை வேறு வேறு எழுத்தாக எடுத்துக்கொண்டால் 'கொள்முதல்' கண்ணெதிரே இருந்தும் அகப்படாது. பழைய பாமினி எழுத்துருவில் எழுதிய படமென்றால் கேட்கவே வேண்டாம், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். சந்தேகம் வந்தால் படத்தில் இருக்கும் சொல்லையே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள். அப்போது கிடைத்தால் குற்றம் தட்டச்சில். மற்றபடி ஒரே பொருளை ஒரு பக்கத்தில் 'பில்லிங்', மறு பக்கத்தில் 'கட்டணப் பிரிவு', மூன்றாவதில் 'கேஷ் கவுண்டர்' என்று எழுதிவைத்தால் எந்தத் தேடலாலும் காப்பாற்ற முடியாது.

லேயரை மட்டமாக நினைப்பது

லேயர் என்பது ஒரே தாளின் மேல் விரிக்கும் கண்ணாடித் தாள். மின் இணைப்பு ஒரு லேயர், குடிநீர்க் குழாய் ஒரு லேயர் என்று வைத்து, வேண்டியபோது மறைக்கலாம், காட்டலாம். விவரம் அதிகமாகிறது என்று துணைச் செயல்முறைகளை லேயரில் போட்டு மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று லேயரை ஒன்றாகத் திறந்தால் பெட்டிமேல் பெட்டி ஏறி உட்காரும், யாராவது ஒரு லேயரைப் பூட்டிவிட்டால் "இந்தப் பெட்டியை ஏன் தொட முடியலை?" என்று அரை மணி நேரம் போகும். மட்டம் என்றால் தனிப் பக்கம். பெட்டியை அங்கேயே மடக்கி விரிக்கும் வசதியும் சின்னப் படத்துக்குத்தான் சரி. பெரிய படத்தில் விரித்த பெட்டி பக்கத்துப் பெட்டிகளை மூடிக்கொள்ளும்.

நகலெடுத்த பக்கம், பழைய லிங்க்

டிரா.ஐஓவில் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் லிங்க் அந்தப் பக்கத்தின் உள் அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறது, பெயரை அல்ல. அதனால் தாவலின் பெயரைத் தைரியமாக மாற்றலாம். ஆனால் '3.2' பக்கத்தை நகலெடுத்துப் புதிய வடிவம் ஒன்று செய்தால், மற்றப் பக்கங்களின் லிங்க் எல்லாம் பழைய பக்கத்துக்கே போகும். புதியதைத் திருத்திக்கொண்டே இருப்போம், படிப்பவர் பழையதையே பார்த்துக்கொண்டிருப்பார். இதில் மாட்டாமல் இருக்க, நகலைப் பழைய வடிவமாக ஓரமாக வைத்துவிட்டு மூலப் பக்கத்திலேயே திருத்துகிறேன்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு விடுபட்ட அம்பைச் சேர்த்து, முதல் பக்கத்தைப் பிஎன்ஜி படமாக அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை அந்த அம்மா போன் செய்தார். "சார், நீங்க சொன்ன மாதிரி கூட்டல் குறியை அமுக்கிப் பார்த்தேன், ஒண்ணும் வரலை." படமாக மாற்றியதும் லிங்க் செத்துவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு எல்லாப் பக்கத்தையும் அச்சடித்துக் கொடுத்தேன், ஒவ்வொரு கூட்டல் குறியின் கீழும் 'தாள் 3.2', 'தாள் 5.1' என்று எழுதி. இப்போது திரைக்கு மட்டும் வரையும் படத்திலும் அப்படித்தான் எழுதுகிறேன்.